வாவிக்கரைச் செம்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள அடுக்களையையும் சாமியறையையும் எட்டிப் பார்த்தால் போதும். பரணில் கவிழ்த்து வைத்த செம்புக் கிடாரம், கிணற்றடியில் செம்புக் குடம், சாமிப் படத்துக்கு முன் குத்துவிளக்கு, விறாந்தையில் வெற்றிலை வட்டாவும் படிக்கமும், அடுப்பில் வெண்கலப் பானை. பித்தளையில் செம்போடு துத்தநாகம் சேர்கிறது, வெண்கலத்தில் வெள்ளீயம். எப்படிக் கலந்தாலும் பெரும்பங்கு செம்புதான். கத்தி, மண்வெட்டி, கொழு ஆகியவற்றின் இரும்பையும் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்னையும் விட்டால், அந்த வீட்டில் உலோகம் என்று இருந்ததெல்லாம் செம்பின் ஏதோ ஒரு வடிவம்.

அது பெண்களின் கையில் இருந்தது. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய மண் இது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் மகளுக்குப் போகும். வீட்டோடு பாத்திரமும் போகும். தாயின் கிடாரம் மகளின் கல்யாணத்துக்குச் சோறு அவித்து, பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கும் அடுப்பேறும். நெல் பொய்த்த வருசத்தில் அடகுக்கு முதலில் போவதும் அதுதான். வங்கிப் புத்தகம் இல்லாத குடியானவப் பெண்ணுக்குப் பரணில் கிடந்த செம்பே கையிருப்பு.

பொங்கலுக்கும் கண்ணகி அம்மன் குளுர்த்திக்கும் முன்னர் என் பெத்தா பாத்திரங்களை எல்லாம் கிணற்றடியில் பரப்புவார். பழம்புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் பக்கத்தில் இருக்கும். கறுத்துக் கிடந்த குடம் புளி பட்டதும் இடம் இடமாகச் சிவந்து வரும். ஒரு கிடாரத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்க ஈயம் போயிட்டு மனே. இதில புளியாணம் வைக்கப்படாது, களிம்பு இறங்கிடும்" என்று அதைத் தள்ளி வைப்பார். ஈயம் பூசுகிறவர் ஊருக்குள் வரும்வரை அது தனியே கிடக்கும். துருத்தி ஊதி, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைப் பஞ்சால் ஓட்டி வழித்தால் உட்புறம் முழுதும் வெள்ளி போல மின்னும். செம்பு எப்படிப்பட்டது, எது பட்டால் நஞ்சாகும், எப்படிக் காப்பது என்ற அறிவு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியிடம் முழுமையாக இருந்தது.

காசும் செம்பாக இருந்தது. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, ஜப்பானியச் செம்பை ஆசியத் துறைமுகங்கள் எங்கும் விற்றுக் கொழுத்தது. இலங்கையில் அதன் சில்லறைக் காசுகள் செம்பில்தான் ஓடின. பிரித்தானியர் 1872 இல் ரூபாய், சதக் கணக்கைக் கொண்டுவந்தபோது புழங்கவிட்டவையும் விக்ரோறியா மகாராணியின் தலையும் ஒரு பனையின மரமும் பொறித்த செம்புச் சதங்களே. இன்றும் வாவிக்கரைக் காணிகளில் அத்திவாரம் வெட்டும்போது பச்சைக் களிம்பு படிந்த வட்டங்கள் மண்வெட்டியில் தட்டுப்படுவதுண்டு.

பிறகு அலுமினியம் வந்தது. 1963 இல் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியக் காசாயின. ஏறத்தாழ அதே காலத்தில் அடுக்களையும் மாறத் தொடங்கியது. சைக்கிளின் பின்னால் பெரிய கூடை கட்டி, வெள்ளை வெளேரென்ற சட்டிகளை அடுக்கிக்கொண்டு வியாபாரிகள் வந்தார்கள். காசு வேண்டாம், பழைய செம்பு, பித்தளை இருந்தால் போதும். பாரமில்லை, ஈயம் பூசத் தேவையில்லை, புளிபோட்டு விளக்கத் தேவையில்லை என்பது பெண்களுக்குப் பெரிய ஆறுதல்தான். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். கிடாரம் தூக்கி இடுப்பு ஒடிந்தவர்கள் அவர்கள். ஆனால் நிறைக்கு நிறை பார்த்தால் அந்த மாற்றில் யார் இலாபம் அடைந்தார்கள் என்பதில் ஐயமில்லை. இரண்டு தலைமுறைகள் சேர்த்த உலோகம் சில ஆண்டுகளில் ஊரை விட்டுப் போனது. கோயில் மணி, தீபத் தட்டு, கும்பச் செம்பு, அம்மன் முகக்களை என்று தெய்வத்துக்கு உரியவை மட்டும் தங்கின.

வீட்டுப் பாத்திரமாக வெளியேறிய செம்பு, கம்பியாக உள்ளே வந்தது. நகரத்திலும் பட்டினங்களிலும் மின்சாரமும் தொலைபேசியும் பரவின. வாழைச்சேனையில் 1956 இல் தொடங்கிய காகித ஆலையின் மோட்டர்களும், கல்முனை வரைக்கும் கடலோரமாக முளைத்த அரிசி ஆலைகளின் மோட்டர்களும் செம்பைச் சுற்றியே ஓடின. ஆனால் அந்தக் கம்பி வாவியைச் சமமாகக் கடக்கவில்லை. கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் தெருவிளக்கு எரிந்த இரவுகளில் படுவான்கரை குப்பி விளக்கோடு இருந்தது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மின்கம்பங்களை வேரோடு சாய்த்தபோது சில காலம் இரண்டு கரைகளும் ஒரே இருளில் இருந்தன. எழுவான்கரைக்கு வெளிச்சம் திரும்பி வந்தது. படுவான்கரையின் பல ஊர்களுக்கு அது நெடுங்காலம் வரவேயில்லை, ஏனென்றால் அதன் பிறகு போர் வந்தது.

போர்க்காலத்தின் செம்பு வேறு வகை. துப்பாக்கி ரவைகளின் கோது பித்தளை. சில பீரங்கிக் குண்டுகளின் கோதும் பித்தளை. வயலிலும் வாய்க்காலிலும் கிடந்த கோதுகளைப் பொறுக்கி விற்றுப் பசியாறிய பிள்ளைகள் இருந்தார்கள். வெடிக்காததைத் தொட்டுக் கைவிரலை இழந்தவர்களும் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடல்கோளுக்குப் பிறகு நாவலடி, கல்லடி, டச்பார் மணலில் பிய்ந்து கிடந்த வயர்களையும் மோட்டர்களையும் இப்படித்தான் பொறுக்கினார்கள். 2007 இல் படுவான்கரையில் சண்டை ஓய்ந்த பின்னர் கம்பங்கள் நடப்பட்டன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டியவர்கள் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். எழுவான்கரைச் சிறுவன் மின்விசிறிக்குக் கீழ் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறைக் காலம் முழுதும் படுவான்கரைச் சிறுவன் மண்ணெண்ணெய்ப் புகையில் படித்தான். அந்த இடைவெளியை எந்தப் பாலமும் உடனே நிரப்பாது.

இந்தக் காலத்துக்குள் ஒரு சிறு வரலாறு ஒளிந்து கிடக்கிறது. இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் செம்புக்கு இறக்குமதி வரி அதிகம், இலங்கையிலிருந்து போனால் வரியில்லை. உடனே செம்பு உருக்கும் தொழிற்சாலைகள் இங்கே முளைத்தன. வெளிநாட்டிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் பழஞ்செம்பை வாங்கி, உருக்கி, கட்டியாகவும் கம்பியாகவும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்கு இந்தியாவுக்கான நமது ஏற்றுமதியில் செம்பும் வனஸ்பதியும் முன்வரிசையில் நின்றன. செம்புச் சுரங்கம் ஒன்றுகூட இல்லாத நாடு செம்பு ஏற்றுமதி நாடாகத் தோன்றியது. இந்தியா விதிகளை இறுக்கியதும் அந்தத் தொழிற்சாலைகள் வந்த வேகத்திலேயே மூடப்பட்டன. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி எழுப்பிய தொழில் அது. வாவிக்கரை இளைஞனுக்கு ஒரு கைத்தொழிலைக்கூட அது விட்டுச் செல்லவில்லை.

இனி விலையைப் பார்ப்போம். 2002 இல் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு தொன் செம்பு சுமார் 1,600 டொலர். அன்றைய டொலர் விலைக்கு ஒரு கிலோ 150 ரூபாய் அளவில் வரும். 2024 மே மாதத்தில் தொன் 11,000 டொலரைத் தாண்டியது. 2026 சனவரியில் 13,000 டொலரையும் கடந்தது. டொலர் 300 ரூபாய் என்று கணக்கிட்டால் ஒரு கிலோ ஏறத்தாழ 3,900 ரூபாய். பெத்தா காலத்துக் குடம் ஒன்று இரண்டு கிலோ இருக்கும். அலுமினியச் சட்டிக்கு மாற்றிக் கொடுத்த குடத்தின் உலோக விலை மட்டும் இன்று ஒரு கூலித் தொழிலாளியின் சில நாள் சம்பளம்.

விலை ஏறியதற்குக் காரணம் ஊரறிந்தது. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தது செம்பு, வெள்ளியை வயராக இழுக்க யாருக்கும் கட்டுபடியாகாது. பெற்றோல் கார் ஒன்றில் இருபது கிலோவுக்குச் சற்று மேல் செம்பு இருக்கும், மின்சாரக் காரில் எண்பது கிலோ அளவில் இருக்கும். காற்றாலை, சூரியத் தகடு, அவற்றைத் தொகுப்போடு இணைக்கும் கேபிள், மின்மாற்றி, செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் தரவு மையங்கள், எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் அது கிடைக்கும் இடங்கள் சில. தோண்டப்படும் செம்பில் நாலில் ஒரு பங்கு அளவு சிலி நாட்டிலிருந்து வருகிறது, அடுத்து கொங்கோவும் பெருவும். சுத்திகரிப்பதில் சீனா ஏறத்தாழ பாதியைத் தன் கையில் வைத்திருக்கிறது. எங்காவது ஒரு சுரங்கம் நின்றால் உலகச் சந்தை ஆடும். 2023 இல் பனாமாவின் மிகப் பெரிய சுரங்கம் மக்கள் போராட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பின் மூடப்பட்டது. 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பேர்க் சுரங்கத்தில் சேறு சரிந்து உயிர்களும் போயின, உற்பத்தியும் நின்றது. ஆகவே அரசுகள் செம்பைப் பெற்றோலியத்தோடு வைத்துப் பேசத் தொடங்கிவிட்டன. இந்தியா 2023 இல் அறிவித்த 30 முக்கிய கனிமங்களில் செம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதை மூலோபாய மூலப்பொருளாக வகுத்தது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் செம்புப் பொருட்களுக்கு 50 வீத வரி விதித்து, அதே ஆண்டு நவம்பரில் அதைத் தன் அத்தியாவசியக் கனிமப் பட்டியலிலும் சேர்த்தது.

இந்தப் பெரிய சண்டையின் சத்தம் வாவிக்கரையில் எங்கே கேட்கிறது என்றால், பிரதான வீதியோரத்து மோட்டர் கட்டும் கடையில்.

அகலம் பத்தடிகூட இல்லாத ஒரு கடை. வாசலில் கழற்றிப் போட்ட தண்ணீர்ப் பம்புகள், ஒரு கிரைண்டர், இறால் பண்ணையில் காற்றடிக்கும் மோட்டர் ஒன்று. உப்புக் காற்றில் இவை அடிக்கடி எரியும். வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு விவசாயி நிலக்கடலைத் தோட்டத்துப் பம்பை மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றி, கருகிய கம்பியை உளியால் வெட்டி, கொக்கியால் சுருள் சுருளாக இழுத்து வெளியே எடுத்தார். பள்ளங்களுக்குள் புதிய காகிதம் வைத்தார். பழைய சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணிக் கொப்பியில் குறித்தார். மெல்லிய எனாமல் பூசிய புதிய கம்பியை அச்சில் சுற்றி, ஒரு இழைகூட உரசாமல் பள்ளத்துக்குள் இறக்கினார். ஒரு சுற்றுக் குறைந்தாலும் மோட்டர் சூடேறும். அந்த விரல்களின் பொறுமைக்குப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை.

கூலி பேசும்போதுதான் விசயம் வந்தது.

"அண்ணன், பழைய கம்பியை நீங்க கொண்டுபோறீங்களோ, கழிச்சுத் தரட்டோ?"

"நிறுத்துக் கழி தம்பி."

தம்பி தராசில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "முந்தி ஆரும் பழைய கம்பியக் கேக்கிற இல்ல, மூலையில கிடக்கும். இப்ப மோட்டரை இறக்க முதலே அதத்தான் கேக்காங்க" என்றார்.

இன்னொரு மோட்டரையும் காட்டினார். புதிதாக வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. சுருள் செம்பு நிறத்தில் பளபளத்தது. கத்தி முனையால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு நிற எனாமல் பூசியிருந்தார்கள். அலுமினியம் செம்பைப் போல அறுபது வீதம் அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதற்கு ஏற்றபடி கம்பியைப் பருமனாக்கிச் செய்தால் குறை சொல்ல இடமில்லை, தெருக் கம்பங்களின் மேல் ஓடும் கம்பி இன்று அலுமினியம்தான். ஆனால் செம்பு என்று நம்பவைத்து விற்பது களவு. அதில் ஏமாறுவது பயிர் வாடும் நாளில் பம்பு நின்றுபோகிற ஏழை. மோட்டரின் தகட்டில் சுருள் எந்த உலோகம் என்று எழுதவேண்டும் என ஒரு விதி இருந்தாலே போதும், இந்த ஏமாற்று பெருமளவு நின்றுவிடும்.

இந்தக் கடையிலிருந்து கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே செம்பு, பித்தளை, அலுமினியம் தனித்தனிக் குவியல். எரித்துச் சுத்தமான செம்புக்கு ஒரு விலை, ஈயப் பற்று ஒட்டியதற்கு ஒரு விலை, உறையோடு உள்ள வயருக்கு வேறு விலை. உறையோடு விற்றால் மிகக் குறைவு. ஆகவே வயரைப் பொறுக்குகிறவர்கள் அதை எரிக்கிறார்கள். வாவிக்கரையின் கண்டல் பற்றைகளுக்குப் பின்னால் மாலை நேரத்தில் எழும் கரும்புகை அதுதான். பிளாஸ்டிக் உறை எரியும்போது டையொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது, அந்த வேதிமாற்றத்தைச் செம்பே தூண்டி விரைவுபடுத்துகிறது. எரித்த சாம்பலில் மிஞ்சும் செம்புத் துகள் மழையோடு வாவிக்குள் போகிறது. நீரில் கரைந்த செம்பு இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் ஆகாது. வாவியை நம்பி வலை வீசுகிறவனின் பிள்ளையே அந்தப் புகைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கம்பியைக் கிளறுகிறது. களிம்பு இறங்கிவிடும் என்று புளியாணத்தையே விலக்கிய ஊரில் இது நடக்கிறது. உறையை உரிக்கக் கையால் சுற்றும் சிறு இயந்திரம் ஒன்று பெரிய விலையல்ல. ஒவ்வொரு பிரதேச சபையும் ஒன்று வாங்கி வைத்தால் எரிப்பதற்குக் காரணமே இருக்காது.

களவும் கூடியது. 2022 இன் நெருக்கடியில், மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் நீண்ட அந்த மாதங்களில், நாடெங்கும் தொலைபேசிக் கேபிள்களையும் மின்கம்பிகளையும் வெட்டி எடுத்தார்கள். வெட்டியவர்களில் பலர் பசித்தவர்கள், வாங்கியவர்கள் அப்படியல்ல. தொலைபேசி இப்போது கண்ணாடி இழைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நிலத்துக்குள் உறங்கும் பழைய செம்புக் கேபிள் இனி தேவையற்ற பொருள். அது யார் கையில், என்ன விலைக்குப் போகிறது என்பது நாம் கவனிக்கவேண்டிய விசயம்.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வந்து போன செம்பு. நமக்குப் பக்கத்து மண்ணிலேயே செம்பு இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வாகரை, கதிரவெளி தாண்டினால் வெருகல். மகாவலியின் கிளை ஒன்று அங்கே கடலோடு சேர்கிறது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு ஆண்டுத் திருவிழாவில் வாவிக்கரைச் சனம் திரளாகப் போகும் ஊர். போருக்கு முன் அங்கும் பாதையில் ஏறித்தான் ஆற்றைக் கடந்தோம், இன்று பாலம். ஆற்றைத் தாண்டி உள்நோக்கிப் போனால் சேருவில. 1971 இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அந்தப் பகுதியில் செம்பும் மக்னடைட் என்ற இரும்புத் தாதும் கலந்த படிவைக் கண்டறிந்தது. இலங்கையில் செம்பு குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதாக அறியப்பட்ட இடம் அதுதான். பாறையியலில் மேட்டுநிலத் தொகுதி என்றும் விஜயன் தொகுதி என்றும் இரண்டு பழம்பாறைக் கூட்டங்கள் தீவில் உண்டு. அவை சந்திக்கும் எல்லையோரமாக இந்தப் படிவு அமைந்திருக்கிறது.

1971 கண்டுபிடிப்பு என்று சொன்னாலும் நம் முன்னோருக்கு அது புதிதல்ல. துட்டகைமுனு மன்னன் பெருந்தூபியைக் கட்ட முனைந்தபோது பல திசைகளிலும் பொருள்கள் வெளிப்பட்டதாக மகாவம்சம் சொல்கிறது. அவற்றுள் செம்பு, அநுராதபுரத்துக்குக் கிழக்கே கங்கைக்கு அப்பால் தம்பபிட்ட என்ற இடத்தில் கிடைத்ததாம். பேராதனைப் பல்கலைக்கழகத் தொல்லியற் பேராசிரியர் சுதர்சன் செனவிரத்ன 1995 இல் வெளியிட்ட ஆய்வில் சேருவிலச் செம்பையும் அந்தக் குறிப்பையும் இணைத்துக் காட்டினார். பழங்காலத்தில் அங்கே செம்பு எடுக்கப்பட்டது என்பதும், சுற்றுப்புறத்தில் உள்ள பெருங்கற்கால ஈமத் தலங்களுக்கும் அந்த உலோகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதும் அவர் வாதம். அத்தகைய தலங்களில் ஒன்று நமது கதிரவெளி. தென்னிந்தியாவின் பெருங்கற்கால மக்களோடு உறவுடைய ஒரு பண்பாடு, வெருகலுக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்து, இறந்தவரைக் கல்லடுக்கி அடக்கம் செய்தது. அந்த மக்கள் தாதை உடைத்து, கரி மூட்டி, துருத்தி ஊதிச் செம்பை எடுத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இந்தக் கரையின் செம்பு வரலாறு அடுக்களைப் பரணோடு தொடங்கவில்லை.

கண்டறிந்து அரை நூற்றாண்டு கடந்தும் சேருவில சுரங்கமாகவில்லை. விலை குறைவாக இருந்த காலத்தில் இலாபம் கட்டாது என்றார்கள். பிறகு போர். அதே பிரதேசத்து மாவிலாறு மதகு மூடப்பட்ட 2006 சூலையில்தான் இறுதிப் போர் மூண்டது. அங்கிருந்து பெயர்ந்து வந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மீது அந்த நவம்பர் 8 ஆம் திகதி எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை மக்கள் மீளக் குடியேறி இன்னும் முழுதாக நிமிரவில்லை.

இப்போது விலை ஏறிவிட்டது. உலகில் இன்று தோண்டப்படும் தாதில் செம்பு சராசரி 0.6 வீதம் அளவில்தான் இருக்கிறது. ஒரு கிலோ செம்புக்கு 160 கிலோவுக்கு மேல் பாறையை உடைத்து அரைக்கவேண்டும். அந்த அளவுக்குத் தாழ்ந்த தாதையும் விடாமல் தோண்டுகிற காலத்தில் சேருவிலவை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று இருந்துவிட முடியாது. 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனிமம் அரசுக்கு உரியது. மேலே வீடும் வயலும் வைத்திருப்பவருக்கு அதில் உரிமை இல்லை.

நான் சுரங்கத்துக்கு எதிரானவன் அல்ல. செம்பு இல்லாமல் படுவான்கரைக்கு மின்சாரம் வந்திராது. வவுணதீவில் வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கும் செம்பு வேண்டும். அந்தச் செம்பு சிலியிலோ கொங்கோவிலோ யாருடைய தண்ணீரையோ கெடுத்து வந்தால் பரவாயில்லை, நம் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்பது நேர்மையான பேச்சல்ல. ஆனால் சேருவிலத் தாதில் செம்போடு கந்தகமும் இருக்கிறது. தோண்டிக் குவித்த கழிவுப் பாறையில் மழை பட்டால் கந்தகம் அமிலமாகி, செம்பையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கும். சுற்றிலும் அல்லைக் குடியேற்றத்தின் வயல்கள், 1970 இல் அறிவித்த சேருவில–அல்லை சரணாலயம், பௌத்தர் போற்றும் பழைய விகாரை, கீழே வெருகல் முகத்துவாரமும் களப்புகளும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

உருக்காலையின் பாடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் செம்பு உருக்கிய ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் திரண்ட 2018 மே 22 ஆம் திகதியிலும் மறுநாளிலும் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2024 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க இடம் கொடுக்கவில்லை. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா சுத்திகரித்த செம்பை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. மக்களின் முறைப்பாட்டை ஆண்டுக்கணக்காகக் கேளாமல் விட்டதற்கு உயிர்களும் போயின, தொழிலும் போயிற்று.

கிழக்குக் கரைக்குத் தன் சொந்த அனுபவமும் உண்டு. புல்மோட்டைக் கனிம மணலுக்காக 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கறுப்பு மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து பெறும் வெள்ளைப் பொடி நம் வீட்டுச் சுவருக்கு வர்ணமாக வெளிநாட்டு விலையில் திரும்பி வருகிறது. வாகரை, கதிரவெளிக் கரையில் இல்மனைட் தோண்டும் முயற்சிக்கு எதிராக அண்மை ஆண்டுகளில் மக்கள் வீதிக்கு வந்ததன் பின்னணியில் இந்தக் கசப்பும் இருக்கிறது. செம்புக்கும் இதே கதை நடந்தால், பரணிலிருந்த குடம் சைக்கிள் கூடைக்குள் போனது போலத்தான் தாதும் போகும்.

ஆகவே முதலில் எடுக்கவேண்டிய சுரங்கம் நம் காலடியில் இருக்கிறது. பழைய மோட்டர், எரிந்த மின்மாற்றி, கைவிட்ட கேபிள், உடைந்த குளிர்சாதனப் பெட்டி எல்லாம் தரத்தில் சராசரித் தாதை விட உயர்ந்தவை. தாதிலிருந்து எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பழஞ்செம்பை உருக்க ஆகிறது. மாவட்டத்துக்கு ஒரு முறையான சேகரிப்பு நிலையமும், களவுப் பொருளை வாங்காதபடி பதிவு செய்த கடைகளும், மோட்டர் கட்டும் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் இந்தக் கரையிலேயே அந்தச் செம்பு இரண்டாம் முறை உழைக்கும்.

சேருவிலவுக்கு எந்த நாட்டுக் கம்பனி வந்தாலும், எந்த அரசு கையெழுத்திட்டாலும், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். பார்த்துக் கருத்துச் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். வெருகல், ஈச்சிலம்பற்று, வாகரைப் பிரதேசங்களின் ஆசிரியர்களே, கூட்டுறவுச் சங்கத்தாரே, கோயில், பள்ளிவாசல் நிருவாகிகளே, விகாரைத் தேரர்களே, அப்படி ஒரு அறிவித்தல் வருமானால் அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு வாங்குங்கள். கழிவுப் பாறையை எங்கே கொட்டப்போகிறார்கள், அமிலத் தண்ணீரை எப்படித் தடுப்பார்கள், சுரங்கம் மூடிய பிறகு அதைக் காக்கும் செலவு யாருடையது, உருக்கும் வேலையில் எத்தனை நம் பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாள் கடந்துவிட்டால் கேட்கும் உரிமையும் கடந்துவிடும்.